எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா? மல்டிமீட்டர் வைத்து நீங்களே கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா ஒரு மார்கழிக் காலையில் கூப்பிட்டார். "தம்பி, சிஸ்டம் காலையில மட்டும் ஆன் ஆக மாட்டேங்குது. நாலஞ்சு தடவை அமுக்கினாத்தான் வருது. மத்தியானம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா உடனே வந்துடுது." அதற்கு முந்தைய வாரமே ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர்கள் பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். எதையும் அளக்கவில்லை. "மதர்போர்டு போயிடுச்சு, பழைய மாடல், இனிமே கிடைக்காது, புது செட்டே போட்டுக்கோங்க" என்று கொட்டேஷன் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரமும், சில நூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு சாதாரண மல்டிமீட்டரும் போதுமாக இருந்தன.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றதும் "எஸ்எம்பிஎஸ் தான்" என்று புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். அதிலும் ஆன் ஆகாது. ஏனென்றால் கோளாறு போர்டில் இருந்திருக்கும். இரண்டு வகையிலும் வீணாவது அந்தக் குடும்பத்தின் பணம். அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தின் மேலும் பழி போடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஒயர்களில் கேள்வி கேட்க வேண்டியது மூன்றிடம்: ஊதா, பச்சை, சாம்பல். அந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். வரிசை மாறினால் தப்பான முடிவுக்கு வருவோம். எப்படி என்று போகப்போகச் சொல்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது என்ன

நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் ஏசி. கம்ப்யூட்டருக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் டிசி. நடுவில் நின்று மாற்றிக் கொடுப்பது எஸ்எம்பிஎஸ். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்கள், இன்டெல் 1995-இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற வரையறையின் வழியில் வந்தவை. அதற்கு முன்பு பவர் பட்டன் கரண்டையே நேரடியாக ஆன் ஆஃப் செய்தது. ஏடிஎக்ஸில் அப்படி இல்லை. பட்டனை அமுக்கினால் மதர்போர்டுக்கு ஒரு சைகை போகும். மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸிடம் "எழுந்திரு" என்று சொல்லும். எஸ்எம்பிஎஸ் எழுந்து, எல்லா வோல்டேஜும் சரியாக வந்த பிறகு "தயார்" என்று பதில் சொல்லும். அதற்குப் பிறகுதான் பிராசசர் வேலையைத் தொடங்கும்.

இந்த உரையாடல்தான் அந்த மூன்று ஒயரில் நடக்கிறது. ஊதா ஒயரில், கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும், 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். அது ஸ்டாண்ட்பை கரண்ட். பச்சை, மதர்போர்டு எழுப்பும் ஒயர். சாம்பல், எஸ்எம்பிஎஸ் பதில் சொல்லும் ஒயர்.

கை வைப்பதற்கு முன்

எஸ்எம்பிஎஸ் பெட்டியின் நான்கு திருகுகளைக் கழற்றித் திறக்காதீர்கள். இதை வழக்கமான எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. உள்ளே கரண்டைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் டிசி அளவுக்கு நிற்கும். ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து கரண்டைச் சீராக இழுக்கவைக்கும் சுற்று) உள்ள மாடல்களில் 380 வோல்ட்டையும் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அப்படியே இருக்கலாம். அதை வடியவைக்கும் ரெசிஸ்டரே கெட்டுப்போயிருந்தால் வெகுநேரம் இருக்கும். உயிரை எடுக்கக்கூடிய அளவு அது. கோளாறைக் கண்டுபிடிக்க எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவேண்டிய தேவையே இல்லை. கீழே சொல்லும் எல்லா அளவும் வெளியே வரும் ஒயர்களிலேயே எடுக்கலாம்.

வெளியே வரும் ஒயர்களில் 12 வோல்ட்டுக்கு மேல் கிடையாது. கை பட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் மீட்டரின் ஊசி நழுவி இரண்டு பின்களைச் சேர்த்துத் தொட்டுவிட்டால் ஷார்ட் ஆகும். அதனால் கறுப்பு ஊசியைப் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பிலோ, ஒரு கறுப்பு ஒயரிலோ நிலையாகப் பொருத்திவிட்டு, சிவப்பு ஊசியை மட்டும் ஒரு கையால் நகர்த்துங்கள். மீட்டர் டிசி 20 வோல்ட்டில் இருக்கட்டும். ஆம்பியர் துளையில் ஊசியைச் செருகி வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். அப்படியே அளந்தால் மீட்டரே ஷார்ட் ஆகிவிடும்.

ஒயரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் சுவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருப்பது வடிந்துவிடும்.

அறிகுறியை முதலில் முழுசாகக் கேளுங்கள்

அக்கா சொன்ன "காலையில் மட்டும்" என்ற சொல்லிலேயே பாதி விடை இருந்தது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வயதானால் அதன் உள் தடை கூடும். குளிர்ச்சியாக இருக்கும்போது இன்னும் அதிகமாக இருக்கும். கொஞ்சம் சூடேறினால் குறையும். அதனால் குளிர்ந்த காலையில் தடுமாறி, சூடான மத்தியானத்தில் ஒழுங்காக வேலை செய்யும் கம்ப்யூட்டரைப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் எஸ்எம்பிஎஸ் மேல்தான் போகும்.

அடிக்கடி பார்க்கும் வேறு சில அறிகுறிகள்: அமுக்கினால் ஒரு சலனமும் இல்லை. காற்றாடி ஒரு சுற்று ஆடிவிட்டு நின்றுவிடுகிறது. காற்றாடிகள் சுற்றுகின்றன, திரையில் ஒன்றும் வரவில்லை. சும்மா இருந்தால் நன்றாக இருக்கிறது, கேம் திறந்தால் அல்லது வீடியோ எடிட் செய்தால் பட்டென்று அணைகிறது. இவற்றுக்கு ஒவ்வொன்றாகக் கீழே வருகிறேன்.

கருகிய வாடை வந்தாலோ, 'டப்' என்று வெடித்த சத்தம் கேட்டாலோ சோதனையெல்லாம் வேண்டாம். மறுபடி ஒருதரம் போட்டுப் பார்ப்போம் என்ற ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நேரே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

விண்டோஸ் பயன்படுத்துகிறவர்கள் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைப் பார்த்துவிட்டு, எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். அந்தப் பதிவுக்கு அர்த்தம், கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பது மட்டும்தான். கரண்ட் போனாலும் அதே பதிவு வரும், பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தாலும் வரும்.

இன்னொன்று. பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கிறது என்று பலர் சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் கரண்ட் நுழையும் இடத்தில், ஃபேஸுக்கும் பெட்டிக்கும் நடுவிலும், நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் நடுவிலும் சிறிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வீட்டில் எர்த் சரியாக இல்லாவிட்டால் அவை வழியாக மெலிதான கசிவு பெட்டியில் தங்கும். மீட்டரில் பார்த்தால் 110 வோல்ட் ஏசி போலக் காட்டும். பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் கெடவில்லை, வீட்டின் எர்த்தைத்தான் சரிசெய்ய வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றாவது பின்னுக்கு உண்மையிலேயே எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்கு உண்மையாகவே கசிவு ஏற்பட்டால் காப்பாற்ற வேண்டியது அந்த எர்த்தான்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கும் முன் வெளியே பாருங்கள்

சுவர் பிளக்கில் ஒரு செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டர், யுபிஎஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் செருகுங்கள். பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்கும் பெரும்பாலும் அதே கார்டுதான், அதைக் கழற்றி இதில் போட்டாலே போதும். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள சிறிய ஸ்விட்ச், கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்க வேண்டும். வீட்டைப் பெருக்கும்போது கைபட்டு அணைந்துபோய், சர்வீசுக்கு வந்த பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நிற ஸ்லைடு ஒன்று இருக்கும். நம் ஊரில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் வெடிச்சத்தத்தோடு உள்ளே கருகிவிடும். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் பெட்டி இருந்தால் அந்த ஸ்லைடின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

முன்பக்கப் பவர் பட்டன் கெடுவதும் உண்டு. மதர்போர்டில் அதன் சிறிய இணைப்பைக் கழற்றிவிட்டு, பவர் ஸ்விட்ச் என்று குறித்த இரண்டு பின்களையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். ஆன் ஆனால் பட்டன்தான் பிரச்சினை. வேலை முடிந்தது.

முதல் கேள்வி: ஊதா

கம்ப்யூட்டரைச் சுவரில் செருகி, ஸ்விட்சைப் போடுங்கள். பவர் பட்டனை அமுக்க வேண்டாம். மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டரைக் கழற்றாமலே, அதன் முதுகுப்பக்கம், ஒயர் உள்ளே நுழையும் துளை வழியாக ஊசியை மெதுவாக நுழைத்து ஊதா ஒயரை அளங்கள்.

4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருந்தால் நல்லது. ஒன்றுமே இல்லை, பூஜ்யம் என்றால் 24 பின்னையும் பிராசசருக்குப் போகும் கனெக்டரையும் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் பிளக்கைப் பிடுங்கி வைத்து, மறுபடி செருகித் தனியாக அளங்கள். அப்போதும் பூஜ்யம் என்றால் எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டது, வேறு சோதனை தேவையில்லை. கழற்றியதும் 5 வோல்ட் வந்துவிட்டால், போர்டில் ஏதோ ஒன்று அந்தக் கரண்டை ஷார்ட் செய்கிறது. யுஎஸ்பி துளைகளில் ஒன்று நசுங்கியிருந்தால்கூட இப்படி ஆகும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

சில மதர்போர்டுகளில் ஸ்டாண்ட்பை வந்ததற்கு ஒரு சிறிய எல்இடி எரியும். அது எரிகிறது, ஆகவே ஊதா சரி என்று நினைத்துவிடாதீர்கள். எல்இடி எரிய 5 வோல்ட் முழுசாகத் தேவையில்லை. அக்காவின் கம்ப்யூட்டரில் அந்த விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. மீட்டரில் காட்டியது 4.2. நான் பட்டனை அமுக்கிய நொடியில் 3.6-க்குச் சரிந்து திரும்பவும் ஏறியது. பத்து நிமிடம் கழித்து 4.5. இன்னும் கொஞ்ச நேரத்தில் 4.8-ஐத் தொட்டது, கம்ப்யூட்டரும் ஆன் ஆனது.

இரண்டாவது கேள்வி: பச்சை

ஊதா ஒழுங்காக இருந்தால் மட்டுமே இதற்கு வாருங்கள். ஊதா இல்லாமல் பச்சையைக் கேட்டால் மதர்போர்டின் மேல் அநியாயமாகப் பழி விழும். ஸ்டாண்ட்பை கரண்ட் போதாத போர்டுக்குப் பட்டனை அமுக்கியதே சரியாகத் தெரியாது, எஸ்எம்பிஎஸ்ஸை எப்படி எழுப்பும்? அந்தச் சர்வீஸ் கடையில் பட்டனை அமுக்கியும் போர்டு அசையாததைப் பார்த்து முடிவெடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பச்சை ஒயரில் ஊசியை வையுங்கள். ஆஃபில் இருக்கும்போது சில வோல்ட் காட்டும். பெரும்பாலும் 3-க்கு மேலே, 5-க்குப் பக்கத்தில். இப்போது வேறொருவரைப் பட்டனை அமுக்கச் சொல்லிவிட்டு மீட்டரையே பாருங்கள்.

பச்சை பூஜ்யத்துக்கு இறங்கியது என்றால் மதர்போர்டு தன் வேலையைச் செய்துவிட்டது. எழுந்திரு என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் எஸ்எம்பிஎஸ் எழவில்லை என்றால், ஒன்று எஸ்எம்பிஎஸ் கெட்டிருக்கிறது, இல்லை, எங்கோ ஷார்ட் இருப்பதால் தன்னைக் காத்துக்கொள்ள நிற்கிறது.

பச்சை இறங்கவே இல்லை என்றால் போர்டு கேட்கவே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் குற்றமில்லை. பட்டன், அதன் ஒயர், மதர்போர்டு என்று அந்தப் பக்கம் போங்கள்.

இவ்வளவு எளிமையான சோதனையை ஏன் அதிகம் பேர் செய்வதில்லை என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். புது எஸ்எம்பிஎஸ் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இந்த ஒரு ஒயர்தான் பெரும்பாலும் விடை சொல்கிறது.

கிளிப் சோதனை

பச்சை இறங்கியும் எஸ்எம்பிஎஸ் எழவில்லை என்றால், அதைத் தனியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் எல்லாக் கனெக்டர்களையும் கழற்றுங்கள். 24 பின், பிராசசருக்குப் போகும் 4 அல்லது 8 பின், கிராபிக்ஸ் கார்டு, ஹார்டுடிஸ்க், எதையும் விடாதீர்கள்.

ஒரு ஜெம் கிளிப்பை 'ப' வடிவத்தில் வளைத்து, 24 பின் கனெக்டரில் பச்சைக்கும் அதை ஒட்டியிருக்கும் கறுப்புக்கும் செருகுங்கள். இப்போது வரும் பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயருமே கறுப்பாக இருக்கிறது. அப்போது இடத்தை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கனெக்டரின் துளைகள் உங்களைப் பார்க்க, பூட்டும் கிளிப் மேல்பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். கிளிப் பக்கத்து வரிசையில் இடமிருந்து நான்காவது பச்சை, ஐந்தாவது கறுப்பு. அதே வரிசையில் எட்டாவது துளை பெரும்பாலும் ஒயர் இல்லாமல் காலியாக இருக்கும். அதை வைத்து நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று உறுதி செய்துகொள்ளலாம். எதிர் வரிசையில் எட்டாவது சாம்பல், ஒன்பதாவது ஊதா.

இரண்டுமுறை எண்ணிப் பார்த்த பிறகு கையை எடுத்துவிட்டுச் சுவர் ஸ்விட்சைப் போடுங்கள். காற்றாடி சுற்றினால் எஸ்எம்பிஎஸ் எழுந்திருக்கிறது. சுற்றாவிட்டால் உடனே முடிவுக்கு வராதீர்கள். லோடு குறைவாக இருக்கும்போது காற்றாடியை நிறுத்தி வைக்கும் மாடல்கள் உண்டு. மீட்டரை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இருக்கவேண்டிய அளவுகள்:

மஞ்சள்: 11.40 முதல் 12.60 வரை
சிவப்பு: 4.75 முதல் 5.25 வரை
ஆரஞ்சு: 3.14 முதல் 3.46 வரை
நீலம்: மைனஸ் 10.8 முதல் மைனஸ் 13.2 வரை

நீலம் இன்றைய கம்ப்யூட்டர்களில் அநேகமாகப் பயன்படுவதில்லை. அது கொஞ்சம் விலகியிருந்தாலும் கவலைப்பட வேண்டாம். மஞ்சள்தான் முக்கியம். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

இந்தச் சோதனையில் தேறிவிட்டால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று அர்த்தமில்லை. காலி வண்டியை மேட்டில் ஏற்றிப் பார்த்தது போலத்தான் இது. சுமை ஏற்ற வேண்டும். அதற்கு என் வழி, டூவீலர் மெக்கானிக்கிடம் கிடைக்கும் 12 வோல்ட் 35 வாட் ஹெட்லைட் பல்பு. ஹார்டுடிஸ்குக்குப் போகும் பழைய நான்கு பின் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் அதை இணைத்துவிட்டு, பிறகு கரண்டைப் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது இணைத்தால் குளிர்ந்த பல்பு முதல் கணத்தில் ஏராளமாகக் கரண்ட் இழுக்கும், நல்ல எஸ்எம்பிஎஸ்கூட அணைந்துவிடலாம். பல்பு எரியும்போது கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். மஞ்சள் 12 வோல்ட்டை ஒட்டியே நிற்க வேண்டும். 3 ஆம்பியருக்கே 11.4-க்குக் கீழே போனால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி ஒரு கம்ப்யூட்டரை ஓட்டக்கூடாது. பல்பு வெகுசீக்கிரம் கொதிக்கும். துணி, காகிதம், பிளாஸ்டிக் பக்கத்தில் வேண்டாம்.

கம்பெனியே பூட்டி விற்கும் கம்ப்யூட்டர்களில் கனெக்டர் வேறு மாதிரி இருக்கலாம். 6, 8, 10 பின் என்று வரும், சிலவற்றில் 12 வோல்ட் மட்டுமே வரும். 24 பின்னுக்கு நான் சொன்ன எண்ணிக்கையை அவற்றில் முயலாதீர்கள். டெல் டெஸ்க்டாப்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னாலேயே ஒரு சோதனைப் பட்டனும் சிறிய பச்சை விளக்கும் இருக்கும். எல்லாக் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு அதை அமுக்கிப் பார்க்கலாம்.

மூன்றாவது கேள்வி: சாம்பல்

காற்றாடிகள் சுற்றுகின்றன, திரை இருட்டு. இங்கேதான் சாம்பல் ஒயர் உதவும். எஸ்எம்பிஎஸ் எழுந்து, வோல்டேஜ்கள் நிலைத்து, 100 முதல் 500 மில்லிவிநாடிக்குள் இதில் ஏறக்குறைய 5 வோல்ட் வரவேண்டும். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் சரியாக இருந்து சாம்பல் மட்டும் பூஜ்யத்தில் நின்றால், எஸ்எம்பிஎஸ் 'தயார்' என்று சொல்லவில்லை. போர்டு காத்துக்கொண்டே இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியதுதான். சாம்பலும் சரியாக இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை விட்டுவிட்டு ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள், பிராசசருக்கான 4 அல்லது 8 பின் கனெக்டர் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை மாட்ட மறந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

ஆடிவிட்டு நிற்கும் காற்றாடி

இது ஷார்ட்டின் அடையாளம். எஸ்எம்பிஎஸ் எழுந்து பார்க்கிறது, எங்கோ கரண்ட் கட்டுக்கடங்காமல் போகிறது, உடனே தன்னை அணைத்துக்கொள்கிறது. இந்த இடத்தில் எஸ்எம்பிஎஸ் நல்லதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கிளிப் சோதனையில் நின்று ஓடுகிறது, போர்டோடு சேர்த்தால் நிற்கிறது என்றால் ஷார்ட் வெளியேதான்.

ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கிராபிக்ஸ் கார்டு, ஹார்டுடிஸ்க், முன்பக்க யுஎஸ்பி ஒயர். ஒவ்வொரு தடவையும் ஆன் செய்து பாருங்கள். கடைசியாகப் பிராசசருக்கான 8 பின்னைக் கழற்றுங்கள். அதைக் கழற்றியதும் காற்றாடி நிற்காமல் சுற்றினால் பிராசசரைச் சுற்றியுள்ள பவர் பகுதியில் ஷார்ட். உறுதி செய்ய, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் அந்த 8 பின் சாக்கெட்டில் மஞ்சள் வரும் பின்னுக்கும் கறுப்பு வரும் பின்னுக்கும் இடையே மீட்டரைப் பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். ஒரு கணம் பீப் அடித்து நின்றால் அது கெப்பாசிட்டர் நிரம்பும் சத்தம், பரவாயில்லை. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் போர்டில் ஒரு மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் சிறிய பாகம்) போயிருக்கிறது. போர்டு சர்வீஸ் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அந்த நிலையில் புது எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டுவது வீண்செலவு.

பெட்டியைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தக் கோளாறு வந்திருந்தால், மதர்போர்டுக்கு அடியில் ஒரு திருகு விழுந்து கிடக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இன்னொரு விருந்தாளியும் உண்டு. சூடான இடம் தேடி வரும் பல்லி. போர்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு கருகிப்போன பல்லியை நான் எடுத்திருக்கிறேன். ஸ்லாட் மூடிகள் இல்லாத பெட்டிகளில் அவற்றை வாங்கி மூடிவிடுங்கள்.

வேலை கொடுத்தால் அணைகிறது

ஓடும்போது அளப்பதுதான் இதற்கு வழி. பழைய நான்கு பின் கனெக்டர் ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், அதில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் ஊசியை வைத்து, முதலில் சும்மா இருக்கும்போது எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கேமையோ வீடியோ ரெண்டரையோ ஓடவிட்டு அளங்கள். 12.1-லிருந்து 11.9-க்கு இறங்குவது சாதாரணம். 11.3 என்று காட்டினால் எஸ்எம்பிஎஸ்ஸால் தாங்க முடியவில்லை. பயாஸிலும் மென்பொருள்களிலும் காட்டும் வோல்டேஜ் எண்களை இதற்கு நம்பாதீர்கள். பல போர்டுகளில் அவை நிஜத்திலிருந்து விலகியிருக்கும். வோல்டேஜ் சரியாக இருந்தும் அணைந்தால் பிராசசரின் சூட்டைப் பாருங்கள், ஹீட்சிங்க்கில் தூசி அடைத்தாலும் இதேபோல அணையும்.

மல்டிமீட்டருக்கு ஒரு எல்லை உண்டு. நொடிக்குள் வந்துபோகும் சரிவும், டிசியின் மேல் சவாரி செய்யும் சிற்றலையான ரிப்பிளும் அதில் தெரியாது. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டும், 5-லும் 3.3-லும் 50 மில்லிவோல்ட்டும்தான் ரிப்பிளுக்கு அனுமதி. அதை அளக்க, வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் வேண்டும். அளவெல்லாம் சரியாக இருந்தும் காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், நண்பர் ஒருவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதுதான் நேர்மையான வழி.

யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு: கரண்ட் போகும் கணத்தில் யுபிஎஸ் மாறுவதற்குச் சில மில்லிவிநாடிகள் ஆகும். அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் பெரிய கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்துத் தாண்ட வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடில் 16 மில்லிவிநாடி அளவுக்குத் தாங்கும். முன்பெல்லாம் தாங்கிய கம்ப்யூட்டர், இப்போது யுபிஎஸ் மாறும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறது, அதே யுபிஎஸ்ஸில் இருக்கும் இன்னொன்று அசையாமல் ஓடுகிறது என்றால் அந்தக் கெப்பாசிட்டர் தளர்ந்துவிட்டது.

மாற்றும்போது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 500 என்று எழுதி, 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்து உங்களுக்குக் கிடைப்பது 216 வாட்தான். கரண்டை வீணாக்காமல் மாற்றும் திறனுக்குத் தரப்படும் 80 பிளஸ் முத்திரை இருப்பதையும், வாரன்டி வருடங்களையும் கேட்டு வாங்குங்கள்.

கழற்றி மாட்டும் ஒயர்கள் உள்ள மாடுலர் வகையாக இருந்தால், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரைப் புதியதில் செருகவே கூடாது. கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுவான விதி கிடையாது. 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வந்து ஹார்டுடிஸ்க் ஒரே நொடியில் போய்விடும். அதிலிருக்கும் குடும்பப் புகைப்படங்களும் கணக்கு வழக்கும் அதோடு போகும்.

மாட்டிய அன்றே ஊதா, மஞ்சள், சிவப்பு மூன்றையும் லோடில் அளந்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துத் திறப்பவருக்கு அந்த எண்கள் பெரிய உதவி. அக்காவின் பெட்டிக்குள் அந்தச் சீட்டு இருக்கிறது: ஊதா 5.06, மஞ்சள் 12.04, சிவப்பு 5.01. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரே அமுக்கில் வந்துவிட்டது என்று போன் செய்தார்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டு வாரம் ஓரமாகப் போட்டுவைத்து, பிறகு திறந்து, எதையும் தொடும் முன் பெரிய கெப்பாசிட்டரில் ஒன்றும் மிச்சமில்லை என்று மீட்டரில் பார்த்துக்கொண்டேன். ஸ்டாண்ட்பை பகுதியில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கெப்பாசிட்டர். மற்றவற்றின் தலை தட்டையாக இருக்க, அதன் தலை மட்டும் பணியாரம் போல உப்பி, நடுவில் பிளந்து, பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தால் லேசான கருவாட்டு வாடை.